சித்தியின் சிடியும் தாத்தாவின் குரலும்

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது சித்தியின் பழைய சிடி ஒன்று கிடைத்தது. 2007-ல் கல்லூரி இறுதியாண்டுக்கு அவர் செய்த இணையதளம். (எனக்கு அப்போது இரண்டு வயது!) முகப்பு முழுக்க ஃப்ளாஷ். மாட்டுவண்டி நகரும், பின்னணியில் தாத்தா பேசுவாராம். தாத்தா இப்போது இல்லை. அவர் குரல் வேறெங்கும் எங்களிடம் இல்லை.

திறந்தால் வெறும் வெள்ளைத் திரை! ஃப்ளாஷ் பிளேயருக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31-உடன் நின்றது. 2021 ஜனவரி 12 முதல் அதில் எதையும் ஓட்டவும் முடியாது. ஆனால் சித்தி வேண்டா வெறுப்பாக எழுதிய எச்டிஎம்எல் பக்கம் பழுதில்லாமல் திறந்தது. அது எல்லா உலாவிக்கும் பொதுவான தரம். ஃப்ளாஷோ ஒரே கம்பெனியின் செருகுநிரல். அவர்கள் கைவிட்டால் அவ்வளவுதான்.

சித்தியைக் குறை சொல்ல மாட்டேன். ஒலி, ஒளிக்கான குறிகளோடு எச்டிஎம்எல்5 முறையான தரமானதே 2014-ல்தான். அன்று வண்டியை நகர்த்தி, தாத்தாவையும் பேச வைக்க அவருக்கு வேறென்ன வழி?

கடைசியில் ரஃபிள் என்ற இலவச மென்பொருளில் ஓட்டிப் பார்த்தேன். வண்டி திக்கித் திக்கி நகர்ந்தது. "ஏம்மா, ரெக்கார்டு ஆகுதா?" என்றார் தாத்தா. சித்திக்குப் போன் போட்டு, எதுவும் சொல்லாமல் ஸ்பீக்கர் பக்கத்தில் பிடித்தேன்.