குறிகாட்டுவானில் ஒரு பொன் அட்டை

மனிதருக்கு ஆசனத்தின் மீதுள்ள ஆசை மிகப் பழையது. இதற்குச் சான்று தேடிப் பல நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. நயினாதீவுக்கு ஒருமுறை போய் வந்தாற் போதும். மணிமேகலைக் காப்பியம் கூறும் மணிபல்லவம் இந்தத் தீவே என்று கொள்ளும் அறிஞர் பலர் உளர். அங்கிருந்த மணியாசனம் ஒன்றுக்காக நாக அரசர் இருவர் போருக்கு எழுந்தனர் என்றும், புத்தர் பெருமான் தோன்றி அவர்களை அமைதிப்படுத்தினார் என்றும் அக்காப்பியம் உரைக்கிறது. பாளி மொழி நூலான மகாவமிசமும் நாகதீபத்தில் நிகழ்ந்ததாக இத்தகைய கதையொன்றைச் சொல்கிறது. அந்நூலின்படி, ஆசனத்துக்காகப் போரிட்ட மகோதரனும் சூளோதரனும் முறையே மாமனும் மருமகனும் ஆவர்.

சென்ற மார்கழியில் நாமும் எம் மருமகனும் அத்தீவை நோக்கிப் புறப்பட்டபோது, எம்மிருவருக்கும் இடையே இருந்த வழக்கும் ஓர் ஆசனத்தைப் பற்றியதே. நல்லவேளையாக, அது வாய்ப்போர் அளவிலேயே நின்றது.

மருமகன் என்றது எம் தமக்கையாரின் மகனை. நெடுந்தீவிற் பிறந்து, யாழ்ப்பாணத்திற் கற்று, இப்பொழுது இலண்டனில் கணக்காளராக இருக்கிறார். பல ஆண்டுகள் தொழில் நிமித்தமாகத் தேசம் தேசமாகப் பறந்தவர். அவ்வாறு பறந்ததன் பயனாக, விமானக் கம்பெனி ஒன்றும் ஹொட்டேற் கம்பெனி ஒன்றும் அவரைத் தத்தம் பொன் வகுப்புச் சிறப்பு உறுப்பினராக ஏற்றிருந்தன. விமான நிலையத்தில் அவருக்குத் தனி வரிசை உண்டு. சிறப்பு ஓய்வறை உண்டு. கூடுதலாக ஒரு பெட்டி கொண்டு போகலாம். ஹொட்டேலில் அறை காலியாக இருந்தால், கொடுத்த காசுக்கு மேலான அறை கிடைக்கும்.

இந்தப் பெருமைக்கு ஆயுள் ஓராண்டுதான். ஆண்டுதோறும் புதிதாகச் சம்பாதிக்க வேண்டும். மருமகனோ உத்தியோகம் மாறியிருந்தார். புதிய உத்தியோகத்தில் வெளிநாட்டுப் பிரயாணம் குறைவு. மார்கழி முடிவதற்குள் போக வர ஒரு விமானப் பிரயாணமும், ஹொட்டேலில் நான்கு இரவுகளும் குறைந்தன. ஆகவே, தாயைப் பார்க்க வந்த பத்து நாள் விடுமுறையில் ஐந்து நாட்களை வெட்டி, கொழும்பிலிருந்து சிங்கப்பூர் சென்று, அங்கே வேலை எதுவுமின்றி நான்கு இரவு உறங்கித் திரும்புவதென்று அவர் தீர்மானித்திருந்தார். இச்செய்தியைத் தாயாருக்கு இன்னும் சொல்லவில்லை. சொல்லும் பொறுப்பை எம்மிடம் ஒப்படைக்க விரும்பினார்.

வாடகைக் கார் பண்ணைப் பாலத்தைக் கடந்தது. இருமருங்கும் ஆழமற்ற கடல். அதில் இறால் பிடிக்கும் கூட்டு வலைகள். கம்புகளின் மேல் அசையாது நிற்கும் கொக்குகள். இந்தக் காட்சியைப் பாராமல் மருமகன் தம் கைத்தொலைபேசியில் மைல் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த மைல் கணக்கின் வரலாறு சுவையானது. 1978ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் விமானக் கட்டணங்களின் மீதிருந்த கட்டுப்பாட்டை நீக்கச் சட்டம் செய்தது. கம்பெனிகளுக்குள் போட்டி மூண்டது. வாடிக்கையாளரைத் தம்முடனே பிணைத்து வைக்க வழி தேடிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ், பறந்த மைல்களை எண்ணிப் பரிசளிக்கும் திட்டத்தை 1981 மே முதலாந் திகதி தொடங்கியது. ஏனைய கம்பெனிகளும், இரண்டொரு ஆண்டுகளில் ஹொட்டேல்களும் அவ்வழியைப் பின்பற்றின. வெள்ளி, பொன், பிளாட்டினம் என்று படிகள் எழுந்தன. படி என்று ஒன்று இருந்தால் அதில் ஏறாமல் இருக்க மனிதரால் முடிவதில்லை.

முன்பு தூரத்தை எண்ணியவர்கள் இப்பொழுது பணத்தையே எண்ணத் தொடங்கியுள்ளனர். பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2025 ஏப்ரல் முதலாந் திகதியிலிருந்து, வரிகள் நீங்கலாகச் செலவிடும் பவுண் ஒன்றுக்குப் புள்ளி ஒன்று என்று விதித்தது. பொன் வகுப்புக்கு வேண்டியவை 20,000 புள்ளிகள். ஆண்டுக்கொருமுறை குடும்பத்தோடு ஊருக்கு வரும் எம்மவர் எத்தனை பேர் அந்தப் படியை எட்டுவர்? ஹொட்டேல் வகையும் அப்படியே. மாரியட் நிறுவனத்தில் 25 இரவுகள் தங்கினாற் பொன் வகுப்பு. ஆயினும் காலை உணவு இலவசமாக வேண்டுமானால் பெரும்பாலும் 50 இரவுகளுக்குரிய பிளாட்டினம் வகுப்பையே நாட வேண்டும்.

வேலணையில் திரும்பி ஊர்காவற்றுறைக்குச் சென்றோம். கடல் நடுவே ஒல்லாந்தரின் கடற்கோட்டை தெரிந்தது. ஒல்லாந்தர் இத்தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டி மகிழ்ந்தவர்கள். வேலணை லெய்டன் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. நெடுந்தீவு டெல்ஃப்ற் ஆயிற்று. நெடுந்தீவுக்கு இட்ட பெயர் மட்டுமே ஆங்கிலத்தில் இன்றும் வழங்கி வருகிறது. ஒரு காலத்திற் சிறைக்கூடமாக இருந்த கடற்கோட்டை, இந்நாளில் கடற்படையினர் நடத்தும் உல்லாச விடுதியைச் சேர்ந்திருக்கிறது.

“அங்கே ஓரிரவு தங்கினால் என் கணக்கிற் சேருமா, மாமா?” என்று மருமகன் சிரித்துக்கொண்டே கேட்டார்.

“சேராது தம்பி. அங்கே இரவுகளை எண்ணியவர்கள் கைதிகள்” என்றோம்.

புங்குடுதீவின் மேற்கெல்லையில் உள்ள குறிகாட்டுவான் இறங்குதுறையை அடைந்தபோது சனக்கூட்டம் மிகுந்திருந்தது. அம்மனைத் தரிசிக்க வந்த எம்மவரும், நாகவிகாரையை வழிபட வந்த சிங்கள யாத்திரிகரும் ஒரே வரிசையில் நின்றனர். நயினாதீவு கால் மணி, இருபது நிமிட நேரத் தூரம். படகில் வகுப்பு கிடையாது. முன்னே வந்தவர் முன்னே ஏறுவர்; பிந்தியவர் அடுத்த படகுக்குக் காத்திருப்பர்.

வரிசை நகரும் வேளையில், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் முதியவர் ஒருவரை மகன்மார் இருவர் நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தனர். ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. வரிசை தானாகவே இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. படகின் நடுவே, அலையின் ஆட்டம் குறைந்த இடத்தில் இருந்தவர்கள் எழுந்து இடங்கொடுத்தனர். “இதுவும் முதலுரிமைதான்” என்று மருமகன் மெல்லக் கூறினார். நாம் தலையசைத்தோம்.

நாகபூஷணி அம்மன் சந்நிதியில் வழிபாடு முடிந்த பின், அமுதசுரபி அன்னதான மண்டபத்தில் உண்டோம். எமக்கு ஒரு பக்கம் கொழும்பு வர்த்தகர் ஒருவர். மறுபக்கம் எங்கிருந்தோ வந்த ஏழை மூதாட்டி. இருவர் இலையிலும் விழுந்தது ஒரே சோறு, ஒரே பருப்பு.

அமுதசுரபி என்ற பெயர் இந்தத் தீவுக்கு எத்துணைப் பொருத்தமானது என்பதை எம் மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறோம். எடுக்க எடுக்கக் குறையாத அந்தப் பாத்திரத்தைப் பெற்ற ஆபுத்திரன், சாவகத்துக்குக் கப்பல் ஏறினான். காற்று மிகுந்ததால் கப்பல் மணிபல்லவத்தில் தங்கிற்று. அவன் இறங்கியதை அறியாமல் கப்பல் இரவில் அவனை விட்டுப் போய்விட்டது. ஆளில்லாத தீவில் அவன் கையில் இருந்ததோ உலகத்தையே ஊட்டும் பாத்திரம். ஆயினும் உண்பதற்கு வேறொருவர் இல்லாத இடத்தில் தான் மட்டும் உண்டு வாழ அவன் விரும்பவில்லை. அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர் நீத்தான்.

இதைக் கேட்ட மருமகன் வெகுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “அந்த ஓய்வறைகளில் நானும் தனியாகத்தான் இருப்பேன், மாமா” என்றார்.

குறிகாட்டுவானுக்கு மீண்டு, நெடுந்தீவுக்குச் செல்லும் பிற்பகற் படகில் ஏறினோம். இது ஒரு மணி நேரப் பிரயாணம். மார்கழிக் கடல் சும்மா இருக்கவில்லை. அரிசி மூடை, எரிவாயுச் சிலிண்டர், கோழிக்கூடு ஆகியவற்றுக்கிடையே அமர்ந்திருந்தோம். இந்தத் தீவாருக்குப் படகு என்பது வீதி. ஆஸ்பத்திரிக்கும் கச்சேரிக்கும் உள்ள ஒரே வழி. 1985 மே 15ஆந் திகதி இதே கடலில் குமுதினிப் படகிற் சென்ற பிரயாணிகள், பெண்களும் குழந்தைகளும் உட்படப் பலர், வெட்டிக் கொல்லப்பட்டனர். குமுதினி என்ற பெயரை எம் தமக்கையார் இன்றும் தாழ்ந்த குரலிலேயே சொல்வார்.

படகில்தான் மருமகன் தம் மனத்திலிருந்த மெய்க் காரணத்தை வெளியிட்டார். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் தந்தையார் காலமானபோது, அவர் வரவேண்டிய விமானம் இரத்தாயிற்று. நூற்றுக்கணக்கானோர் திகைத்து நிற்க, அந்தப் பொன் அட்டையே அவருக்கு வேறொரு விமானத்தில் இடம் பெற்றுத் தந்தது. அதனாலேயே தந்தையின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடிந்தது. “அம்மாவுக்கும் ஒன்று நேர்ந்தால், மாமா? அதை எண்ணித்தான் அந்த அட்டையை விட மனம் வரவில்லை” என்றார். குரல் தழதழத்தது.

இதுவரை அவரைப் பெருமை விரும்பி என்றே எண்ணியிருந்தோம். வெட்கமாக இருந்தது. அன்று குறிகாட்டுவானை அவர் அடைந்தபோது கடைசிப் படகும் போய்விட்டதையும், அயலவர் ஒருவர் தம் மீன்பிடிப் படகிற் கூட்டிச் சென்றதையும் நாம் அறிவோம். ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொல்லி வாதிட மனம் வரவில்லை. “கணக்காளர் அல்லவா? ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருமே” என்று மட்டும் சொன்னோம்.

கடிதவுறையின் பின்புறத்தில் எழுதத் தொடங்கினார். சிங்கப்பூர் விமானமும் நான்கு இரவும் சேர்ந்து 900 பவுண். எதிர்வரும் ஆண்டில் அவர் செய்யக்கூடிய பிரயாணம், ஊருக்கு வருவது ஒன்றே. அதிற் கூடுதற் பெட்டிக்கு 120 பவுண். விருப்பமான ஆசனத்துக்கு 80. ஓய்வறை உணவுக்கு 60. மொத்தம் 260. “இவையெல்லாம் கம்பெனி சொல்லும் விலையா, கைக்காசு கொடுத்து நீர் வாங்கக்கூடிய விலையா?” என்று கேட்டோம். ஓய்வறை உணவை அவர் கோடிட்டு வெட்டினார். மீதி 200. அட்டை இல்லாமலே சீட்டை மாற்றக்கூடிய வகையில் வாங்குவதற்கு எவ்வளவு என்பதையும் பக்கத்தில் எழுதினார். கடைசியில் 900 என்ற எண்ணைச் சுற்றி வட்டமிட்டுவிட்டு, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்தக் காசுக்கு அம்மாவைப் பார்க்க இன்னொரு முறை வந்து போகலாம்” என்றார். அதை நாம் சொல்லவில்லை, அவரே சொன்னார்.

நெடுந்தீவில் இறங்கி, பவளக்கல் அடுக்கிய மதில்களின் இடையே நடந்தோம். தூரத்துப் புல்வெளியில் மட்டக் குதிரைகள் சில மேய்ந்துகொண்டிருந்தன. தமக்கையார் படலையடியில் நின்றார். மகனின் கையைப் பற்றியபடி, “ராசா, இந்த முறை எத்தனை நாள் நிப்பாய்?” என்று கேட்டார். மருமகன் எம்மை ஒருமுறை பார்த்தார். “லீவு முடியுமட்டும், அம்மா” என்றார். எம்மிடம் ஒப்படைக்கப்படவிருந்த வேலை அத்தோடு தீர்ந்தது.

வாசகர்களுள் வெளிநாட்டில் உறவினர் இல்லாதார் அரியர். மாணவர் பலரும் நாளை பறக்கப் போகிறவர்களே. பலாலி 2019 அக்டோபர் 17ஆந் திகதி பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பின் சென்னையும் அண்மையில் வந்துவிட்டது. ஆகவே, சிறப்புத் தகுதியைத் தேடலாமா என்ற கேள்விக்கு எமக்குத் தோன்றிய விடையைச் சொல்லிவைக்கிறோம். உத்தியோகம் காரணமாக, பிறர் செலவிற் பறக்க வேண்டியிருந்தால், அட்டை தானே வரும், வரட்டும், வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டிச் சுமையோடு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அடிக்கடி வருபவர்க்கும் அது உதவும். ஆனால் போகவேண்டிய தேவை இல்லாத ஊருக்கு அட்டைக்காகப் போக நேர்ந்தால், அப்பொழுது பென்சிலை எடுத்துக் கணக்குப் போடுங்கள். விதிகளை ஆண்டுதோறும் மாற்றும் உரிமை கம்பெனிக்கு உண்டு என்பதையும் அக்கணக்கிற் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த இரண்டு நாட்களும் கடல் கொந்தளித்தது, படகு ஓடவில்லை. மருமகன் திண்ணையிற் பாய் விரித்து உறங்கினார். ஆனியில் நயினாதீவுத் திருவிழாவுக்கு மறுபடியும் வருவதாகத் தாயாருக்கு வாக்களித்துச் சென்றார். தமக்கையார் சுவரில் மாட்டிய நாட்காட்டியில் ஆனி மாதத் தாளைத் தேடி, மூலையை மடித்து வைத்திருக்கிறார்.