காலிமுகத்திடலும் கிளிநொச்சி வீதியோரமும்

2022 ஏப்ரல் 3, ஞாயிறு

நேற்று மாலை ஆறு மணிக்குப் போட்ட ஊரடங்கு நாளைக் காலை வரைக்குமாம். முகநூலும் வாட்ஸ்அப்பும் வேலை செய்யவில்லை. வியாழன் இரவு மிரிஹானையில் ஜனாதிபதி கோத்தாபய ராஜபக்ஷவின் வீட்டுக்குப் பக்கத்தில் சனம் திரண்டதில் வந்த பயம். வேடிக்கை என்னவென்றால், இந்தத் தடையால் ஒரு பயனும் இல்லை, வி.பி.என். போட்டால் எல்லாம் வரும் என்று டுவிட்டரில் எழுதியவர் அமைச்சர் நாமல் ராஜபக்ஷ. பெறாமகனே மதிக்காத உத்தரவை நாடு எப்படி மதிக்கும்? பிற்பகலில் தடையை எடுத்துவிட்டார்கள். இரவு அமைச்சரவை இராஜினாமா.

ஏப்ரல் 16

வேலை முடிந்து கோட்டையிலிருந்து நடந்தே காலிமுகத்திடலுக்குப் போனேன். பெற்றோலும் இல்லை, பஸ்ஸும் அரிது. போன சனிக்கிழமை தொடங்கிய போராட்டம், இப்போது ஒரு கிராமம்தான். ‘கோட்டா கோ கம’ என்று பெயர்ப்பலகையும் வைத்தாயிற்று. சமையல் கொட்டகை, முதலுதவிக் கூடாரம், யாரோ கொடுத்த புத்தகங்களோடு ஒரு நூலகம். தமிழிலும் தேசிய கீதம் பாடினார்கள். 2020 பெப்ரவரி 4 சுதந்திர தின விழாவில் தமிழ்க் கீதத்தை வேண்டாம் என்று விட்டது இதே கோத்தாபயவின் அரசுதான். பாடிய பிள்ளைகளின் தமிழ் உச்சரிப்பு எங்கெங்கோ போனது. ஆனாலும் நின்று கேட்டேன்.

அலுவலகத்துச் சிங்களத் தங்கச்சி ஒருத்தி கூட வந்தாள். “அக்கா, யாழ்ப்பாணத்துச் சனம் ஏன் இப்படி இறங்கவில்லை? அங்கேயும் காஸ் இல்லைத்தானே?” என்று கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள். உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. எதிரே இருந்த பழைய கட்டடத்தைக் காட்டினேன். இன்றைக்கு ஜனாதிபதி செயலகம், அன்றைக்கு நாடாளுமன்றம். 1956 ஜூன் 5, தனிச் சிங்களச் சட்டமூலம் சபைக்கு வந்த அன்று, செல்வநாயகமும் தமிழரசுக் கட்சியினரும் இந்தப் புல்வெளியில்தான் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். காடையர் வந்து அடித்தார்கள், பொலிஸ் பார்த்துக்கொண்டு நின்றது. கட்சி எம்.பி. அமிர்தலிங்கம் தலையில் கட்டோடு சபைக்குள் போனார். அப்பா அப்போது கொழும்பில் எழுதுவினைஞர். அன்று அலுவலகத்தை விட்டு வெளியே வரவில்லை என்று சொல்லுவார். தங்கச்சி இதைக் கேள்விப்பட்டதே இல்லை. பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருந்தால்தானே.

மே 9

அலரி மாளிகையிலிருந்து தடியோடு வந்த மஹிந்தவின் ஆட்கள் காலிமுகத்திடல் கூடாரங்களை உடைத்து எரித்தார்கள். தொலைபேசியில் படம் பார்க்கப் பார்க்க 1956 பற்றி அப்பா சொன்னதெல்லாம் கண்முன்னே வந்தது. அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு வித்தியாசம்: இம்முறை அடித்தவர்களைத் திருப்பித் துரத்த நகரமே எழுந்தது. மாலைக்குள் பிரதமர் பதவியை விட்டார் மஹிந்த. ஆளுங்கட்சி எம்.பி. ஒருவர் நிட்டம்புவவில் கொல்லப்பட்டார். அதை வீரம் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

மே 18

இதை விரிவாகவே எழுதவேண்டும். காலிமுகத்திடலில், யுத்தத்தின் இறுதியில் செத்த தமிழ்ச் சனத்துக்கான முள்ளிவாய்க்கால் நினைவேந்தல். சுடர் ஏற்றினார்கள், முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்தார்கள். சிங்களப் பிள்ளைகள் வரிசையில் நின்று வாங்கிக் குடித்தார்கள். உப்பும் அரிசியும் தண்ணீரும் மட்டும் ஏன் என்று ஒரு பையன் கேட்டான். 2009இல் அந்தச் சனத்துக்கு அதுதான் கிடைத்தது என்று பக்கத்தில் நின்றவர் சிங்களத்தில் விளங்கப்படுத்தினார். பையன் ஒன்றும் பேசாமல் குடித்து முடித்தான்.

எனக்கு நெஞ்சு நிறைந்தது என்று எழுதலாம். பாதிதான் உண்மை. போன வருடம் இதே நாளில் மட்டக்களப்பு கிரான் கடற்கரையில் சுடர் ஏற்றியதற்காகப் பத்துப்பேரைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்து மாதக்கணக்காக உள்ளே வைத்திருந்தார்கள். அதே மே மாதம் முள்ளிவாய்க்கால் நினைவுக்கல்லை உடைத்தார்கள். கொழும்பில் சிங்களவர் நடுவில் ஏற்றினால் அது நல்லிணக்கம், கிரானில் தமிழர் தனியே ஏற்றினால் பயங்கரவாதம். பேச்சுரிமை, கருத்துரிமை என்று அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை எல்லாப் பிரஜைகளுக்கும் சொல்வது, நடைமுறையில் இடத்தையும் ஆளையும் பார்த்தே கிடைக்கிறது. தங்கச்சியின் கேள்விக்கு என் பதில் இதுதான். நாளை சொல்லவேண்டும்.

ஜூலை 14

கோத்தாபய சிங்கப்பூரிலிருந்து இராஜினாமாக் கடிதம் அனுப்பிவிட்டார். 9ஆம் திகதி ஜனாதிபதி மாளிகையின் நீச்சல் தடாகத்தில் சனம் குளித்ததை உலகமே எழுதியாயிற்று, நான் எழுத ஒன்றும் மிச்சமில்லை. தெருவில் வெடி கொளுத்துகிறார்கள்.

ஜூலை 22

ரணில் விக்கிரமசிங்க நேற்றுத்தான் ஜனாதிபதியாகப் பதவியேற்றார். தாங்கள் பிடித்து வைத்திருந்த ஜனாதிபதி செயலகத்தை இன்று பிற்பகல் ஒப்படைக்கிறோம் என்று போராட்டக்காரப் பிள்ளைகள் அறிவித்திருந்தார்கள். அதற்குப் பொறுக்காமல் நள்ளிரவு கழிந்ததும் இராணுவத்தை அனுப்பி அடித்திருக்கிறார்கள். பி.பி.சி. படப்பிடிப்பாளர் ஒருவருக்கும் அடி. தாங்களாகவே போகவிருந்தவர்களை ஏன் அடிக்கவேண்டும்? இனி ஒருவரும் வரக்கூடாது என்பதற்குத்தான், வேறென்ன.

ஓகஸ்ட் 12

கிளிநொச்சியில் இன்று காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தங்கள் போராட்டத்தின் 2000ஆவது நாளைக் குறித்துப் பேரணி போனார்கள். 2017 பெப்ரவரி 20 கந்தசுவாமி கோவிலடியில் உட்கார்ந்தவர்கள். வெயில், மழை, கொரோனா, எல்லாவற்றையும் வீதியோரத்தில் கண்டுவிட்டார்கள். பிள்ளை எங்கே என்று தெரியாமலே நூற்றுக்கும் மேற்பட்ட பெற்றோர் செத்துப்போனார்கள். புலனாய்வுக்காரர் வந்து படம் எடுப்பதும் பெயர் கேட்பதும் அவர்களுக்குத் தினசரி. காணாமல் போனவர்கள் இறந்துவிட்டார்கள் என்று 2020 ஜனவரியில் ஐ.நா. பிரதிநிதியிடம் கோத்தாபய சொன்னதாகச் செய்தி வந்தது. எப்படி, யார் கையில் என்று இந்தத் தாய்மார் கேட்டதற்குப் பதில் வரவில்லை. யுத்தம் முடிந்தபோது பாதுகாப்புச் செயலாளராக இருந்தவர் அவர்.

அங்கே நூலகமும் இல்லை, இசைக்கச்சேரியும் இல்லை. ஒரு தகரக் கொட்டகையும் சட்டம் போட்ட படங்களும்தான். தங்கச்சிக்குப் படங்களை அனுப்பினேன். “இவ்வளவு காலமா, அக்கா?” என்று எழுதினாள். ஓம் என்று போட்டேன்.

செப்ரெம்பர் 10

போன மாதம் 18ஆம் திகதி பிடிபட்ட மாணவர் தலைவர் வசந்த முதலிகே உட்பட மூவரைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் தடுத்து வைக்கப் பாதுகாப்பு அமைச்சர் என்ற முறையில் ரணில் கையெழுத்திட்டிருக்கிறார். 1979இல் அன்றைய ஜனாதிபதி ஜே. ஆர். இந்தச் சட்டத்தை மூன்று வருடத்துக்கென்று கொண்டுவந்தார், 1982இல் நிரந்தரமாக்கினார். 1979இன் அமைச்சரவையில் இளைஞர் விவகாரத்துக்குப் பொறுப்பாக இருந்தவரும் ரணில்தான். தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று வெட்டிய குழியில் இப்போது சிங்களப் பிள்ளைகள். இதில் எனக்கு ஒரு திருப்தியும் இல்லை.

இந்தச் சட்டத்தை நீக்கச் சொல்லும் கையெழுத்து ஊர்தி இன்று காங்கேசன்துறையிலிருந்து புறப்பட்டிருக்கிறது. மாவட்டம் மாவட்டமாகப் போய் அம்பாந்தோட்டையில் முடியுமாம். ராஜபக்ஷக்களின் ஊர். தங்கச்சி, உன் பக்கம் வரும்போது கையெழுத்தைப் போடு. உன் அண்ணனையும் கூட்டிக்கொண்டு போ.