மின்சாரம் திரும்பும் வழி

ஸ்டெப்பர் மோட்டார் வைத்த இயந்திரம் தவறாக வெட்டினால் முதல் பழி டிரைவர் பலகையின் மேல்தான் விழும். அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை வாங்கி மாட்டுவார்கள். அதுவும் தவறாக வெட்டும். அடுத்த பழி மோட்டாருக்கு, அதற்கடுத்தது கணினிக்கு. கோலசிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கம் கண்ட்ரோல் பேனல் பழுது பார்த்துப் பிழைக்கும் எனக்கு இந்த வரிசை மனப்பாடம். போகிற பட்டறையில் எல்லாம் ஒரு அட்டைப் பெட்டி இருக்கும். அதற்குள் எந்தக் குற்றமும் செய்யாத டிரைவர்கள் கிடக்கும். அவற்றைச் சோதித்து நல்லவை என்று எழுதி ஒட்டி உரியவரிடம் திருப்பிக் கொடுப்பதை என் வேலையின் ஒரு பகுதியாகவே வைத்திருக்கிறேன்.

எங்கள் வட்டாரத்து கிரில் பட்டறைகள் சிலவற்றில் பிளாஸ்மா வெட்டு மேசை வந்துவிட்டது. முன்பு இரும்புத் தகட்டில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, கேஸ் தீயால் கையாலேயே வெட்டுவார்கள். இப்போது கணினியில் படம் வரைந்தால் மேசை வெட்டிக் கொடுக்கிறது. வீட்டு கேட்டுக்குப் பூங்கொடி, தோட்டத்து மாரியம்மன் கோயில் கம்பிக்கதவுக்கு ஓம், வேல், தாமரை, மயில். சின்னப் பட்டறைக்கு இது பெரிய முதலீடு. திருவிழாவுக்கு முன் கதவு போய்ச் சேர வேண்டிய நேரத்தில் மேசை மக்கர் செய்தால் அந்தக் குடும்பமே தூங்காது.

இந்த மோட்டார் எப்படி நடக்கிறது என்பதைச் சொன்னால்தான் மற்றது புரியும். வழக்கமான ஸ்டெப்பர் ஒரு சுற்றுக்கு 200 அடி வைக்கும். ஓர் அடி 1.8 பாகை. டிரைவர் அந்த அடியை மேலும் சிறு பங்குகளாக்கும். எட்டாகப் பிரித்தால் ஒரு சுற்றுக்கு 1600 துடிப்பு. ஒரு சுற்றில் மேசைப் பாலம் 80 மில்லிமீட்டர் நகர்ந்தால் ஒரு துடிப்புக்கு 0.05 மில்லிமீட்டர். கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்து டிரைவருக்கு இரண்டு சமிக்ஞைக் கம்பிகள் போகும். ஒன்று 'அடி வை' என்கிறது, மற்றது எந்தப் பக்கம் என்கிறது. மோட்டார் உண்மையில் எங்கே நிற்கிறது என்று திரும்பிச் சொல்ல மூன்றாவது கம்பி கிடையாது. மின்சாரம் போன இரவில் மாடிப்படியை எண்ணிக்கொண்டே இறங்குகிறவரைப் போலத்தான் அது. யாரோ பக்கத்திலிருந்து ஓர் எண்ணைச் சத்தமாகச் சொல்லிவிட்டால் கணக்கு கெட்டது. கெட்டது அவருக்கே தெரியாது.

ஈஜோக் பக்கத்துப் பட்டறை ஒன்றில் மயிலின் தோகை சாய்ந்து வந்தது. கழுத்து சரி, உடல் சரி, தோகைக்கண்கள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக நழுவி, கடைசிக் கண் தகட்டின் ஓரத்துக்கே போய்விட்டது. சில நேரம் வெட்டும் டார்ச்சில் தீப்பொறி பிடித்த நொடியிலேயே, மேசையின் எல்லையைக் காக்கும் லிமிட் சுவிட்ச் அடித்ததாகச் சொல்லி மேசை நின்றுவிடும். சுவிட்சை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

"தம்பி, டிரைவர் ரெண்டு மாத்தியாச்சு. மோட்டார்தான் போச்சா?" என்றார் பட்டறைக்காரர். படம் வரைவது அவர் மகள். "அங்கிள், டார்ச் போடாம ஓட விட்டா சரியா வருது" என்றாள் அவள். அவள் சொன்ன அந்த ஒரு வரியில் பாதி வேலை முடிந்திருந்தது.

டார்ச் அணைந்திருக்கும்போது அதே படம், அதே வேகத்தில் சரியாக வருகிறது என்றால் மோட்டாருக்குத் தெம்பு போதும், பல்சக்கரம் தளரவில்லை. தெம்பு போதாமல் அடி தவறுகிற மோட்டார் வேகம் கூடும்போதும் சட்டென்று திரும்பும்போதும்தான் தவறும். டார்ச் எரிகிறதா அணைந்திருக்கிறதா என்பது அதற்குப் பொருட்டே இல்லை. அடுத்து மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்து, நகரச் சொல்லாமல் நிறுத்தி, அச்சிலும் உடலிலும் சேர்ந்தாற்போல் மார்க்கரால் ஒரு கோடு இழுத்தேன். டார்ச்சை மட்டும் கையால் பற்றவைத்து அணைத்தோம். கோடு விலகவில்லை. அடி சொல்லும் கம்பியில் டார்ச் கிளப்பும் மின் இரைச்சல் ஏறவில்லை என்று தெரிந்தது. பிறகு லிமிட் சுவிட்சின் நீளக் கம்பியைப் பலகையிலேயே கழற்றி, அந்த முனைகளை ஒரு குட்டிக் கம்பியால் இணைத்தேன். பொய் எச்சரிக்கை அதோடு நின்றது. இரைச்சலின் நுழைவாசல் அந்த நீளக் கம்பிதான். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றியதை எழுதி வைக்க வேண்டும். அவசரத்தில் நான்கைச் சேர்த்து மாற்றுகிறவர் பழுதைச் சரிசெய்யவும் கூடும். ஆனால் எது சரிசெய்தது என்று அவருக்குத் தெரியாது. அடுத்த மழைக்காலத்தில் அதே இடத்தில் மறுபடி நிற்பார்.

டார்ச்சைப் பற்றவைக்கும் அந்தத் தீப்பொறிக்கு ஒரு வரலாறு உண்டு. 1887இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் ஓரிடத்தில் பொறி பறக்க விட்டார். சற்றுத் தள்ளி, எதனோடும் இணைக்காமல் வைத்திருந்த கம்பி வளையத்தின் இடைவெளியிலும் சிறு பொறி தெறித்தது. வானொலி அலை உண்டென்று உலகத்துக்குக் காட்டிய சோதனை அது. பழைய வகைப் பிளாஸ்மா இயந்திரம் மின்வில்லைப் பற்றவைக்க ஆயிரக்கணக்கான வோல்ட்டில், மெகாஹெர்ட்ஸ் கணக்கில் அதிரும் பொறியை அனுப்புகிறது. பற்றவைக்கும் ஒவ்வொரு முறையும் ஹெர்ட்ஸின் சோதனைதான் அந்தக் கூரைக்கு அடியில் மறுபடி நடக்கிறது. வளையத்தின் இடத்தில் லிமிட் சுவிட்ச் கம்பி இருக்கிறது. அதிலும் இந்த மேசையில் டார்ச் கேபிளும் சுவிட்ச் கம்பியும் பாலத்தோடு கம்பிகளை இழுத்துச் செல்லும் ஒரே டிராக் செயினுக்குள் ஒட்டிக்கொண்டு கிடந்தன. (மேசைக்கென்று புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: டார்ச்சுக்குள் இருக்கும் முனை விலகிப் பற்றவைக்கும் வகையை வாங்குங்கள். அதில் இந்த உயர் அதிர்வெண் பொறி கிடையாது. விலை சற்று கூடலாம். வீணாகும் தகட்டின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.)

ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. போன மின்சாரம் திரும்பி வந்தாக வேண்டும். வெட்டும் மின்சாரம் டார்ச்சிலிருந்து தகட்டுக்குப் பாய்ந்து, எர்த் கிளாம்ப் வழியாக இயந்திரத்துக்குத் திரும்ப வேண்டும். அந்தக் கிளாம்பைத் துருவும் பெயிண்டும் ஏறிய மேசைக் காலில் கவ்வ விட்டிருந்தார்கள். நேர் வழி மோசமாக இருந்தால் மின்சாரம் கிடைத்த வழிகளிலெல்லாம் பங்கு பிரிந்து ஓடும்: மேசைச் சட்டம், மோட்டார் உடல், கேபிளின் உறை, கட்டுப்பாட்டுப் பெட்டி, கடைசியில் கணினியின் எர்த். கிளாம்பைக் கழற்றி, தகடு உட்காரும் சட்டத்தின் பக்கத்தில் இரும்பு பளபளக்கத் தேய்த்து, போல்ட் போட்டு இறுக்கினோம். கழற்றிய சுவிட்ச் கம்பியைத் திரும்ப மாட்டியும் பொய் எச்சரிக்கை பெரும்பாலும் அங்கேயே அடங்கியது. டார்ச் கேபிளைத் தனிக் கொம்பில் மேலே தூக்கிக் கட்டினோம். சுவிட்ச் சுற்றை 5 வோல்ட்டிலிருந்து 24 வோல்ட்டுக்கு மாற்றி, ஒளிவழிப் பிரிப்பான் வழியாக உள்ளே விட்டு, 1 கிலோ ஓம் தடையும் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் வைத்தேன். இந்த இரண்டும் சேர்ந்தால் 0.1 மில்லிசெகண்ட் தாமதம். சில மைக்ரோசெகண்ட் மட்டுமே வாழும் பொறி அதைத் தாண்டாது. உண்மையாகவே சுவிட்ச் அழுந்தினால் அது பல மில்லிசெகண்ட் நிற்கும், தாண்டிவிடும். இதே மருந்தை அடி சொல்லும் கம்பிக்கு வைத்துவிடக் கூடாது. அங்கே சமிக்ஞையின் ஆயுளே 2.5 மைக்ரோசெகண்ட் அளவுதான். இரைச்சலோடு சேர்ந்து அதுவும் போய்விடும். அந்தக் கம்பியை அதன் திரும்பும் கம்பியோடு முறுக்கி, உறையிட்டு, வலுவாக ஓட்டுவதுதான் வழி.

எர்த் குச்சியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இரைச்சல் என்றதுமே "இன்னொரு குச்சி அடிங்க" என்று சொல்வது எங்கள் பக்கத்தில் பழக்கம். ஜெராம், கோலசிலாங்கூர் கரையோரத்தில் ஈரக் களிமண். குச்சி அடித்தால் மீட்டரில் நல்ல எண் சுலபமாக வந்துவிடும். உள்ளே செம்மண் மேட்டில் அதிகக் குச்சிகள் தேவைப்படும். ஆள் உயிரைக் காக்கவும் இடியிலிருந்து காக்கவும் அந்த எண் அவசியம், அதில் சமரசம் கூடாது. கிள்ளான் பள்ளத்தாக்கு வட்டாரத்தில் ஆண்டுக்குச் சுமார் 200 நாள் இடி இடிக்கிறது. ஆனால் மெகாஹெர்ட்ஸ் இரைச்சலுக்கு அந்தக் குச்சி வெகு தூரத்தில் இருக்கிறது. 10 மீட்டர் கம்பி, ஒரு மெகாஹெர்ட்ஸில் 60 ஓமுக்கு மேல் தடுக்கும். மீட்டர் 2 ஓம் காட்டியதை அந்த இரைச்சல் பொருட்படுத்தாது. அதற்கு வேண்டியது மேசைக்கும் பெட்டிக்கும் மின் இயந்திரத்துக்கும் நடுவே குட்டையான, அகலமான செப்புப் பின்னல். மோட்டார் கேபிளின் உறையைப் பெட்டிக்குள் நுழையும் இடத்திலேயே சுற்றிலும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். வால் போல முறுக்கி நீளமாக இழுத்து ஆணியில் கட்டினால் உறை போட்ட பயனே பாதி போய்விடும். உறையை ஒரு முனையில் மட்டும்தான் இணைக்க வேண்டும் என்று பலர் படித்திருப்பார்கள். 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்துக்கு அது பொருந்தும். டார்ச்சும் இன்வர்ட்டரும் கிளப்பும் இரைச்சலுக்கு நான் மோட்டார் கேபிளின் இரு முனையையும் இணைக்கிறேன்.

இவ்வளவும் செய்த பிறகும் தோகை சாய்ந்தது. முன்பைவிடக் குறைவாக, ஆனால் எப்போதும் ஒரே பக்கமாக. மகள்தான் கவனித்தாள்: டார்ச் இல்லாமல் ஓடியபோது அவள் சோதித்தது நேர்க்கோட்டுச் சட்டங்களை, மயிலை அல்ல. மயிலை டார்ச் இல்லாமல், பேனாவைக் கட்டி ஓட்டினோம். அப்போதும் சாய்ந்தது. அப்படியென்றால் இது இரைச்சலே இல்லை. தோகைக்கண் என்பது முழுக்கத் திருப்பங்கள். திசை சொல்லும் கம்பி மாறிச் சில மைக்ரோசெகண்ட் கழிந்த பிறகுதான் அடுத்த துடிப்பு வர வேண்டும். அந்த இடைவெளி குறைவாக அமைத்திருந்தார்கள். ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் திசை தாமதித்தது. முன்னே போக வேண்டிய ஒரு துடிப்பு பின்னே போயிற்று. வித்தியாசம் 0.1 மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஐம்பது திருப்பத்தில் 5 மில்லிமீட்டர். மென்பொருளில் ஓர் எண்ணைக் கூட்டியதும் மயில் நேரானது.

பழி போடும் வழக்கம் எனக்கு வீட்டிலேயே அறிமுகம். என் அப்பா செம்பனை ஆலையில் வேலை பார்த்தவர். எங்கள் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோகோனியே இந்நாட்டில் முதன்முதலாக வணிகத்துக்கென்று செம்பனை நட்டார். அந்த மரத்தோடு வந்த ஆலைகளில் எங்கள் ஆட்கள் தலைமுறையாக வேலை செய்தார்கள். ஆலை நின்றுபோனால் முதலில் கேட்கப்படும் கேள்வி, கடைசியாக அதைத் தொட்டவன் யார் என்பது. அப்பா வேலை பார்த்த காலத்தில் அந்தக் கேள்விக்குப் பதிலாகப் பலர் கூலி இழந்ததை வீட்டில் கேட்டு வளர்ந்தேன். அந்தக் காலத்துப் பேனல்களில் 240 வோல்ட் காண்டாக்டர்கள். அவற்றை இழுக்க நல்ல பலமும் பத்துப் பதினைந்து மில்லிசெகண்டும் வேண்டும். பக்கத்தில் வெல்டிங் நடந்தாலும் அசையாது. இன்றைய டிரைவருக்கு 5 வோல்ட்டும் பத்து மில்லிஆம்பியரும், கண் சிமிட்டும் நேரத்தில் பல்லாயிரத்தில் ஒரு பங்கும் போதும். அதனால்தான் அனுபவப்பட்ட வயர்மேன்களே இந்தப் பழுதில் திணறுகிறார்கள். தவறு காட்டும் இடம் ஒன்று, தவறு பிறக்கும் இடம் வேறொன்று. சுவிட்ச் பொய் சொல்லவில்லை, அதன் கம்பிக்குள் வேறொருவர் பேசினார். இதைக் கையிலுள்ள பழுதில் நிரூபித்துக் காட்டுவது எனக்குச் சம்பளத்தைவிடப் பெரிய விஷயம்.

பட்டறைக்காரர் இப்போது கேட்பது, தன் நிலையைத் தானே திருப்பிச் சொல்லும் மூடிய சுற்று ஸ்டெப்பர் வாங்கலாமா என்று. நல்ல பொருள்தான், அடி தவறினால் பிடித்துத் திருத்தும், முடியாவிட்டால் நிறுத்தும். ஆனால் நிலையைச் சொல்லும் அதன் என்கோடர் கம்பியும் அதே டிராக் செயினில்தான் போகப் போகிறது, திசைச் சமிக்ஞை தப்பாக வந்தால் அந்தத் தப்பையும் அது அப்படியே கீழ்ப்படிந்து செய்யும். பின்பக்கத்தில் இருக்கும் இரண்டாவது மேசையின் கிளாம்ப் இன்னும் பெயிண்ட் மேலேயே கவ்விக்கொண்டிருக்கிறது. முதலில் அதைத் தேய்ப்போம், பிறகு மோட்டார் பற்றிப் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன். மகள் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டுவதற்கு ஒரு வரைபடம் போட்டு வைத்திருக்கிறாள்: எந்தக் கம்பி எங்கே போகிறது என்பது கறுப்பில், எங்கே திரும்புகிறது என்பது சிவப்பில்.