விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு மல்யுத்தம்

திருநெல்வேலியிலிருந்து மேற்கு நோக்கி ஒரு முறையேனும் பயணம் செய்திருக்கிறீர்களா? பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று ஒவ்வோர் ஊராகக் கடக்கும்போது, தூரத்தில் நீலக் கோடாகத் தெரிந்த பொதிகை மலை மெல்ல மெல்லப் பச்சையாகி, கடைசியில் நம் எதிரே சுவர்போல எழுந்து நிற்கும். அந்த மலையடிவாரத்தில் இருப்பதுதான் விக்கிரமசிங்கபுரம். 'வி.கே.புரம்' என்று சுருக்கிச் சொன்னால்தான் பேருந்து நடத்துநருக்கும் எளிதில் புரியும்.

வயலும் வாழையும் சூழ்ந்த இந்த ஊருக்குப் பஞ்சாலையால் வந்த பெயரும் உண்டு. 1880களில் ஹார்வி சகோதரர்கள் என்னும் ஸ்காட்லாந்து வணிகர்கள், மலையிலிருந்து இறங்கும் தாமிரபரணியின் நீர்விசையை நம்பி இங்கே நூற்பாலை அமைத்தார்கள். பிற்காலத்தில் மதுரா கோட்ஸ் என்று பெயர் பெற்ற ஆலை அதுவே. சற்று மேலே சென்றால் 143 அடி உயரத்துக்கு நீர் தேக்கும் பாபநாசம் அணை, மின் நிலையம், அகத்தியர் அருவி. வல்ல நாயன் இந்த மண்ணுக்கு அள்ளிக் கொடுத்திருக்கிறான்.

என் மூத்த தமக்கை வாழ்க்கைப்பட்ட ஊர் இது. 2010-ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில், மதரஸாவின் வெள்ளிக்கிழமை விடுமுறையை ஒட்டி, மேலப்பாளையத்திலிருந்து அவரைப் பார்க்கப் புறப்பட்டேன். வழியில் பத்தமடையில் இறங்கி ஒரு பாய் வாங்கினேன். ஆற்றங்கரைக் கோரையை ஊறவைத்து, மெல்லியதாகக் கிழித்து, பருத்தி நூற்பாவில் கோத்து நெய்யும் அந்தப் பாய், பட்டுத் துணிபோல மடியக்கூடியது. அதை நெய்வோரில் பெரும்பாலோர் நம் சமுதாயக் குடும்பத்தினர் என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்தப் பாய் இரண்டு நாளில் என்ன பாடுபடப் போகிறது என்பதை அப்போது நான் அறியவில்லை.

தமக்கையின் வீட்டில் நுழைந்ததும் நான் கண்ட காட்சி: என் மருமகன் சிவப்புச் சட்டை அணிந்து தொலைக்காட்சிக்கு முன் அமர்ந்திருக்கிறான். அவனுடைய பெரியவாப்பாவின் மகன் நீலச் சட்டையில் அவன் அருகே. ஒருவனுக்கு ஒன்பது வயது, மற்றவனுக்குப் பதினொன்று. ஒருவன் 'ரா' அணியாம், மற்றவன் 'ஸ்மாக்டவுன்' அணியாம். இவர்கள் மட்டுமல்லர், அந்தத் தெருப் பிள்ளைகள் அனைவருமே இப்படி இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தார்கள்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பிள்ளைகளின் தந்தையர் உடன்பிறந்த சகோதரர்கள். பக்கத்துப் பக்கத்து வீடு. நடுவில் ஓர் ஆள் உயரச் சுவர். ஒரு நிர்வாகத் தேர்தலில் ஆளுக்கோர் அணியில் நின்று, வாய்ச்சண்டை முற்றி, இரண்டு ஆண்டுகளாக ஸலாம் கூடச் சொல்லிக்கொள்ளாமல் இருந்தார்கள். அது எந்த நிர்வாகம் என்பது இங்கே தேவையில்லை. உங்கள் ஊரிலும் இப்படி ஒன்று இருக்கக்கூடும். பிள்ளைகள் மட்டும் பின்வாசல் வழியாக வந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது அமெரிக்காவின் டபிள்யூ.டபிள்யூ.இ. நிறுவனம் நடத்திய 'பிராகிங் ரைட்ஸ்' என்னும் காட்சி. பெருமை பேசிக்கொள்ளும் உரிமை யாருக்கு என்பது அதன் பொருள். ரா அணியில் எழுவர், ஸ்மாக்டவுன் அணியில் எழுவர். வென்ற அணிக்கு ஒரு பெரிய கோப்பை. இருதரப்பாரும் ஒருவரையொருவர் தூக்கி எறிவதையும், அரங்கம் அலறுவதையும் கண்டேன். உடனே தொலைக்காட்சியை அணைத்தேன். "இதெல்லாம் சைத்தானின் வேலை! போய் ஓதுங்கள்!" என்று அதட்டினேன். பிள்ளைகள் தலை குனிந்து எழுந்து சென்றார்கள். கடமையைச் செய்துவிட்டதாக நானும் நிம்மதியடைந்தேன்.

வாசகர்களே, அது கடமையன்று, சோம்பல் என்பதை மறுநாள் அறிந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் பள்ளிவாசலிலிருந்து திரும்பியபோது கொல்லைப்புறத்தில் ஓர் அலறல். நான் வாங்கி வந்த பத்தமடைப் பாயைச் சிமெண்டுத் தரையில் விரித்து, அதையே மேடையாக்கியிருக்கிறார்கள். நீலச் சட்டைக்காரன் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி, திரையில் கண்டபடியே கைகளை விரித்துக்கொண்டு பாய்ந்திருக்கிறான். சிவப்புச் சட்டைக்காரன் பயந்து விலகிக்கொண்டான். விழுந்தவனின் முழங்கை விலகியும் முறிந்தும் தொங்கியது. பாயின் ஒரு மூலை கிழிந்திருந்தது.

என் தமக்கை சுவரோரம் நின்று கூவியழைத்தார். இரண்டு ஆண்டுகளாக அந்த வாசற்படியை மிதிக்காத மனிதர் ஓடிவந்து மகனைத் தூக்கினார். என் மச்சான் ஒன்றும் பேசாமல் தெருமுனைக்கு ஓடி ஆட்டோவை அழைத்து வந்தார். அம்பாசமுத்திரத்து மருத்துவமனையில், கட்டுப்போடும் அறைக்கு வெளியே, சகோதரர்கள் இருவரும் ஒரே பலகையின் இரு முனைகளில் அமர்ந்திருந்தார்கள். இஷா நேரம் நெருங்கியபோது மூத்தவர் திரும்பிப் பாராமலே, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். இளையவர் "இல்ல" என்றார். அன்று அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவே.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. 'பார்க்காதே' என்று சொன்ன நான், 'ஏன்' என்று சொல்லவில்லையே! சொல்வதற்கு எனக்கே தெரிந்திருக்கவில்லை. அடுத்த வாரங்களில் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். பிறகு வி.கே.புரம் சென்று, மாவுக்கட்டுடன் படுத்திருந்தவனிடமும் அவன் பக்கத்தில் அமர்ந்திருந்தவனிடமும் சொன்னேன். அதை உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் இத்தகைய பிள்ளைகள் இருக்கலாம்.

அந்த மேடை வெறுந்தரையன்று. இரும்புச் சட்டத்தின் மேல் மரப்பலகை, அதன் மேல் மெத்தை, அதன் மேல் விரிப்பு. விழும்போது சற்றே அமிழ்ந்து கொடுக்கும். முகவாயை நெஞ்சோடு ஒடுக்கி, முதுகு முழுவதும் ஒருசேரப் படும்படி விழுவதற்கே அவர்கள் நீண்ட காலம் பயில்கிறார்கள். எறிபவனும் எறியப்படுபவனும் ஒத்துழைக்கிறார்கள். யார் வெல்வது என்பதும் முன்னரே முடிவு செய்யப்படுகிறது. இது வதந்தியன்று. 1989-இல் நியூ ஜெர்சி மாநிலச் சட்டமன்றத்தின் முன், விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விலக்குப் பெறுவதற்காக, இது போட்டியன்று, பொழுதுபோக்குக் காட்சியே என்று அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது.

ஆனால் முடிவு பொய்யானாலும் காயம் பொய்யன்று. 1999 மே 23 அன்று கான்சாஸ் நகரில், அரங்கின் கூரையிலிருந்து கயிற்றில் இறக்கப்பட்ட ஓவன் ஹார்ட் என்னும் வீரர், பிணைப்பு விடுபட்டு விழுந்து உயிரிழந்தார். காட்சியோ நிறுத்தப்படாமல் தொடர்ந்து நடந்தது. வாசகர்களே, சற்று எண்ணிப் பாருங்கள்!

சிவப்பு, நீலம் என்ற இரு அணிகள் எப்படித் தோன்றின? 2001-இல் இந்த நிறுவனம் தன் பெரும் போட்டியாளரான டபிள்யூ.சி.டபிள்யூ.வை விலைக்கு வாங்கிவிட்டது. எதிரி இல்லாமற்போனான், வீரர்களோ மிகுந்துவிட்டார்கள். எனவே 2002 மார்ச்சில் தன் வீரர்களைத் தானே இரண்டாகப் பங்கிட்டு, இரண்டு நிகழ்ச்சிகளுக்குக் கொடுத்து, ஒருவரையொருவர் பகைக்கச் செய்தது. பகையும் அங்கே விற்பனைச் சரக்காயிற்று. 2009-இல் நடந்த முதல் 'பிராகிங் ரைட்ஸ்' காட்சியில், ரா அணியிலிருந்த 'பிக் ஷோ' தன் அணிக்காரரையே தாக்கித் தோற்கடித்தார். மறு ஆண்டு, எங்கள் பிள்ளைகள் பார்த்த அதே காட்சியில், அவரே ஸ்மாக்டவுன் அணிக்குத் தலைவர்! அந்த ஆண்டும் நீல அணிக்கே வெற்றி. 2011-இல் இந்தப் பிரிவினையைக் கைவிட்டார்கள்; 2016-இல் மீண்டும் பிரித்தார்கள். வணிகம் கேட்டால் பிரிவு, வணிகம் கேட்டால் சேர்க்கை.

நம்மைத் தொடும் செய்தி ஒன்றும் உண்டு. 2004-05-இல் 'முஹம்மத் ஹஸன்' என்ற பெயரில் ஒருவரை மேடையேற்றி மக்கள் வெறுக்கும்படி நடிக்கவைத்தார்கள். அவர் முஸ்லிமல்லர்; இத்தாலிய வம்சாவளி அமெரிக்கர். முகமூடி அணிந்தவர்கள் அவருக்காக ஒருவரைத் தாக்கும் காட்சி, லண்டனில் குண்டுகள் வெடித்த ஜூலை 7 அன்று ஒளிபரப்பாயிற்று. எதிர்ப்பு எழவே அந்தப் பாத்திரத்தைக் கைவிட்டார்கள். பெருமானாரின் திருப்பெயரைக் கொண்டே வெறுப்பை விற்கத் துணிந்தார்கள் என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டாமா?

மல்யுத்தமே கூடாதது என்று நான் சொல்லவில்லை. 1910-இல் லண்டன் சென்று, போலந்து மல்லர் ஸ்பிஸ்கோவோடு பொருதுப் பட்டம் பெற்ற காமா பயில்வான் நம்மவரே. அது உடலைப் பேணி, உணவைப் பேணி, ஆசானுக்கு அடங்கிக் கற்ற கலை. ஆயினும் உண்மையான வலிமை பிறரை வீழ்த்துவதில் இல்லை, சினம் வரும்போது தன்னை அடக்குவதில்தான் உள்ளது என்பதே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்தது.

இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மருமகன் ஒரு கேள்வி கேட்டான்: "மாமா, அப்போ ரெண்டு அணிக்கும் முதலாளி ஒரே ஆள்தானா?"

"ஆமாம், வாப்பா."

"சண்டை முடிஞ்சு சேர்ந்துதான் சாப்பிடுவாங்களா?"

"சேர்ந்தே பயணமும் செய்வார்கள்."

அவன் சற்று நேரம் யோசித்தான். பிறகு, "அப்போ எங்க வாப்பாவும் பெரியவாப்பாவும் மட்டும் ஏன் நெசமாவே பேசாம இருக்காங்க?" என்றான்.

கதவருகே நின்ற என் மச்சான் இதைக் கேட்டார். ஒரு முஸ்லிம் தன் சகோதரனை மூன்று நாளுக்கு மேல் வெறுத்து ஒதுக்கலாகாது என்னும் நபிமொழியைப் பலமுறை மிம்பர் அருகே அமர்ந்து கேட்டவர்தாம் அவர். நானும் பலமுறை அதைப் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொன்னவன்தான். அன்று ஒரு சிறுவனின் வாயிலிருந்து வந்தபோதுதான் அது எங்கள் இருவருக்கும் உறைத்தது. நடிப்பதற்குக் கூலி வாங்குகிறவர்கள் மேடையை விட்டு இறங்கியதும் பகையை விட்டுவிடுகிறார்கள். கூலியும் கோப்பையும் இல்லாத நாமோ அதை வீட்டுக்குள் கொண்டுவந்து சுவராக எழுப்புகிறோம். அந்த ஆண்டின் ஹஜ்ஜுப் பெருநாளன்று அந்தச் சுவரில் ஒரு வாசல் வைத்தார்கள்.

சென்ற ஆண்டு மீண்டும் வி.கே.புரம் போயிருந்தேன். பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு வேலையில் இருக்கிறார்கள். நீலச் சட்டைக்காரனுக்கு அந்தக் கை இன்றும் முழுவதுமாக நீளாது. தொழுகையில் அவன் கை கட்டும்போது எனக்கு மனம் சுருங்கும். மூல கிழிந்த பாயைத் தமக்கை எறியாமல் வைத்திருக்கிறார். மூத்த சகோதரர் 2016-இல் இறையடி சேர்ந்துவிட்டார். "ஆறு வருஷம் கிடைச்சுது, அல்ஹம்துலில்லாஹ். ஆனா அதுக்கு முன்னால போன ரெண்டு வருஷத்தை யார்கிட்டப் போய்க் கேட்பேன், மாப்பிள்ளை?" என்றார் மச்சான். எனக்குப் பதில் தெரியவில்லை.

மாலையில் ஆற்றங்கரைக்கு நடந்தோம். பாபநாசத்தை அடுத்துள்ள கோடைமேலழகியான் அணைக்கட்டிலிருந்து வடக்கே ஒரு கால்வாயும் தெற்கே ஒரு கால்வாயும் பிரிகின்றன. இரண்டும் வயலுக்கே போகின்றன. இரண்டிலும் ஒரே ஆற்று நீர்தான். மச்சான் அந்த நீரில் ஒளுச் செய்தார். நானும் அவர் பக்கத்தில் அமர்ந்து ஒளுச் செய்தேன்.

அன்பு வாசகர்களே! உங்கள் வீட்டுப் பிள்ளை எதையேனும் விரும்பிப் பார்த்தால், அணைப்பதற்கு முன் அருகில் அமர்ந்து, அது என்னவென்று தெரிந்துகொண்டு, அவனுக்கும் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்கும் உடன்பிறந்தார் வீட்டுக்கும் இடையே சுவர் இருந்தால், இந்த வெள்ளிக்கிழமை தாண்டுவதற்குள் அதில் ஒரு வாசல் வையுங்கள். நம் அனைவரின் உள்ளங்களையும் வல்ல அல்லாஹ் இணைத்து வைப்பானாக! ஆமீன்.