ராஜா ஒரு முறை குதிரையாவார்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், கணிதம்

சதுரங்கம் எனக்குப் பள்ளிக்கூடத்தில் அறிமுகமானதன்று. கீரமங்கலத்திற்கு அருகிலுள்ள எங்கள் வீட்டுத் திண்ணையில், என் தந்தையின் தந்தையார் கற்றுத் தந்தது. அவரை நாங்கள் ஐயா என்று அழைப்போம். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பகுதியின் பலாவையும் தென்னையையும் சாய்த்துவிட்டுப் போனபின், விழுந்த பலாக் கிளையொன்றை அறுத்து 32 காய்களைச் செதுக்கினார் ஐயா. பாதிக்குக் கரி பூசினார். யானைக்குத் துதிக்கை கிடையாது. குதிரையோ ஆட்டுக்குட்டியைப் போலிருக்கும். ஆயினும் அவற்றை அடுக்கி வைத்துவிட்டால் அந்தத் திண்ணை ஓர் அரண்மனையாகிவிடும்.

ஐயாவின் ஆட்டத்தில் காலாள் முதல் நகர்விலும் ஒரு கட்டந்தான் போகும். எதிர்க்கரை சேர்ந்த காலாள், தான் சேர்ந்த வரிசை எந்தக் காய்க்குரியதோ அந்தக் காயாகவே மாறும். நினைத்தபடியெல்லாம் ராணியாகிவிட முடியாது. கோட்டை கட்டுதல் என்பதே இல்லை. அதற்குப் பதிலாக, செக் வாங்காத ராஜா ஆட்டத்தில் ஒரே ஒரு முறை குதிரையைப் போலத் தாவலாம். “ராஜான்னா ஒரு தடவையாவது குதிரை ஏற வேண்டாமாடா?” என்பார் ஐயா.

2022இல் மாமல்லபுரத்தில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றதை அனைவரும் அறிவோம். அந்நாளில் மாநிலமெங்கும் பள்ளிகளில் சதுரங்கப் போட்டிகள் நடந்தன. பதினோராம் வகுப்பில் படித்த நானும் ஒரு போட்டிக்குப் போனேன். எதிரே அமர்ந்த மாணவன் எடுத்த எடுப்பிலேயே காலாளை இரண்டு கட்டம் நகர்த்தினான். “தப்பு” என்றேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. பத்து நகர்வுக்குள் என் ராஜாவைச் சுற்றி ஆபத்து சூழ்ந்தது. செக் வருமுன் தப்பித்துவிடலாமென்று ராஜாவைக் குதிரையைப் போலத் தாவ விட்டேன். நடுவர் வந்தார். “இது எந்த ஊர் ஆட்டம் தம்பி?” என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் கேலியாகக் கேட்டாரா, அறிந்துகொள்ளத்தான் கேட்டாரா என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. அன்று அது கேலியாகவே என் காதில் விழுந்தது.

அந்த அவமானத்தை நான் எங்கே இறக்கி வைத்தேன் தெரியுமா? ஐயாவின் தலையில். “நீங்க சொல்லிக் கொடுத்ததெல்லாம் தப்பு ஐயா. எல்லாரும் சிரிச்சாங்க” என்றேன். அவர் மறுமொழி கூறவில்லை. காய்களை ஒவ்வொன்றாக எடுத்து மஞ்சள் பையில் போட்டுப் பரண்மேல் வைத்துவிட்டார். அதன்பின் என்னோடு ஆடவும் இல்லை.

கல்லூரிக்கு வந்தபின்தான் நூலகத்தில் சுல்தான் கானைப் பற்றிப் படித்தேன். பஞ்சாபைச் சேர்ந்த அவர் முதலில் கற்றது நம் நாட்டு முறை ஆட்டத்தை. ஐரோப்பிய விதிகளைப் பின்னரே பழகினார். 1929இல் இங்கிலாந்து சென்றார். அவ்வாண்டிலேயே பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். 1932, 1933 ஆகிய ஆண்டுகளிலும் அப்பட்டத்தை வென்றார். உலகச் சாம்பியனாக விளங்கிய கபபிளங்காவையே ஹேஸ்டிங்ஸ் போட்டியில் வீழ்த்தினார். அவர் தடுமாறிய இடமெல்லாம் ஆட்டத்தின் தொடக்கந்தான். அங்கே மற்றவர்களுக்குப் புத்தகம் துணை நின்றது. அவருக்கு அது இல்லை. 2024இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு அவருக்குக் கௌரவ கிராண்ட் மாஸ்டர் பட்டம் வழங்கிற்று. அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து!

படித்து முடித்துப் புத்தகத்தை மூடியபோது எனக்கு நினைவு வந்தது கபபிளங்கா அன்று. பரண்மேலிருந்த மஞ்சள் பை.

இதற்கிடையில் வரிசை மாற்றங்களும் சேர்வுகளும் நடத்திய பேராசிரியர், ஒரு நாள் கரும்பலகையில் எட்டுக் கட்டங்களை வரைந்தார். 1972இல் ஸ்பாஸ்கியை வென்று உலகச் சாம்பியனான பாபி ஃபிஷர், 1996இல் அர்ஜென்டினாவின் போனஸ் அயர்ஸ் நகரில் ஒரு புதிய ஆட்டத்தை அறிவித்தாராம். காலாட்கள் வழக்கம்போல் நிற்க, பின்வரிசைக் காய்கள் மட்டும் குலுக்கிப் போட்டபடி நிற்கும். கறுப்புக்கும் வெள்ளைக்கும் ஒரே அடுக்கு. நிபந்தனை இரண்டு: மந்திரிகள் இருவரும் வெவ்வேறு நிறக் கட்டங்களில் நிற்க வேண்டும், ராஜா இரண்டு யானைகளுக்கும் இடையே நிற்க வேண்டும். “எத்தனை அடுக்கு வரும்?” என்றார் பேராசிரியர்.

வெள்ளைக் கட்ட மந்திரிக்கு 4 வழி, கறுப்புக் கட்ட மந்திரிக்கு 4 வழி, ஆக 16. எஞ்சிய 6 கட்டங்களில் ராணிக்கு 6 வழி. பிறகு 5 கட்டங்களில் இரு குதிரைகளுக்கு 10 வழி. மிஞ்சிய மூன்றில் நடுவில் ராஜா, இருபுறமும் யானை, ஒரே வழி. 16×6×10 = 960. நாம் ஆடிவரும் ஆட்டம் அந்த 960இல் ஒன்றே ஒன்று! ஐயாவின் விதி தவறு என்று நான் கூவிய கூவலை எண்ணி அன்று வகுப்பிலேயே தலைகுனிந்தேன்.

விடுதியில் ஆடத் தொடங்கினோம். குலுக்குவதற்குக் கைபேசியே போதும். ஆனால் எங்களுக்குத் தாயக்கட்டை பிடித்திருந்தது. அதற்கு ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை என நான்கு முகம். மந்திரிக்கும் நான்கே கட்டம். யாரோ செய்துவைத்ததுபோல் பொருந்திற்று. ராணிக்கு லூடோ பகடை. குதிரைக்கும் அதுவே, ஆறு விழுந்தால் மறுபடி உருட்ட வேண்டும். இரண்டாம் குதிரைக்கு மீண்டும் தாயக்கட்டை.

என்னோடு ஆடியவர் ஏழு வயது முதல் பயிற்சி வகுப்பில் கற்ற நகரத்து நண்பர். வழக்கமான ஆட்டத்தில் முதல் பன்னிரண்டு நகர்வுகளை அவர் பேசிக்கொண்டே ஆடுவார். நான் வியர்த்துக்கொண்டு ஆடுவேன். புதிய அடுக்கில் அவரும் முதல் நகர்விலேயே தாடையில் கை வைத்தார். வழக்கமான அடுக்கில் எல்லாக் காலாட்களுக்கும் பின்னாலிருந்து ஏதேனும் ஒரு காயின் காவல் உண்டு. குலுக்கிய சில அடுக்குகளிலோ ஒரு காலாள் தொடக்கத்திலேயே நாதியற்று நிற்கும். அதை முதலில் கண்டவர் பிழைத்தார்!

இனி நான் வென்றேன் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். 14 ஆட்டங்களில் 4 வென்றேன், அவ்வளவே. மனப்பாடத்தைக் குலுக்கிக் கலைத்துவிடலாம். பதின்மூன்று ஆண்டுப் பழக்கத்தை எந்தப் பகடை கலைக்கும்? ஏழை மாணவனுக்கு இது சமநீதி தரும் ஆட்டம் என்று எழுத ஆசைதான். ஆனால் அது உண்மையன்று. பெரியவர்களுக்கும் இங்கே சறுக்கல் உண்டு. 2024 டிசம்பரில் உலகச் சாம்பியனான நம் குகேஷ், 2025 பிப்ரவரியில் ஜெர்மனியில் இம்முறையில் நடந்த போட்டியில் ஓர் ஆட்டத்திலும் வெல்லவில்லை. அதே ஆண்டு ஜூலையில் லாஸ் வேகாஸில் நம் பிரக்ஞானந்தா கார்ல்சனை இதே முறையில் தோற்கடித்தார். எனக்குக் கிடைத்தது வேறொன்று. தோற்ற பத்து ஆட்டங்களிலும் நான் எங்கே தவறினேன் என்பது எனக்கே தெரிந்தது. அவருடைய புத்தகத்திடம் நான் தோற்கவில்லை, அவரிடம் தோற்றேன்.

பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போனபோது பரணிலிருந்து பையை இறக்கினேன். ஐயா பார்த்தும் பாராதவர்போல் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். தாயக்கட்டையை உருட்டிக் காய்களை அடுக்கினேன். மூலையில் மந்திரி, பக்கத்தில் குதிரை.

“என்னடா இது, அரமனைய யாரு கலைச்சுப் போட்டது?”

“இப்படியும் ஆடலாம் ஐயா. வெளிநாட்டுல பெரிய பெரிய ஆளுங்க ஆடுறாங்க.”

நெடுநேரம் பார்த்தார். “ராஜாவுக்குத் தாவல் உண்டா?”

இந்த ஆட்டத்தில் கோட்டை கட்டுதல் உண்டே தவிரத் தாவல் கிடையாது. “உண்டு ஐயா” என்றேன்.

திண்ணையில் சம்மணமிட்டு அமர்ந்தார். சேவல் அடையும் நேரம் வரை ஆடினோம். ஒரு யானை அதிகமாக வைத்திருந்தேன். அவருடைய ராஜா மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. அடுத்த நகர்வில் செக் வைத்தால் ஆட்டம் முடிந்தது என்று நான் மகிழ்ந்திருந்தபோது, ஐயாவின் ராஜா கூட்டத்தைத் தாண்டிக் குதித்து வந்து என் ராணியை வெட்டிற்று. ராஜா தாவும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன்.