இரண்டரைப் பாகம் கயிறு

என் மைத்துனன் பதினைந்து வருஷங்களாக அமெரிக்காவில் இருக்கிறான். அங்கே அவனுக்கு ஒரு வீடு உண்டு. அது போதாதென்று சக்கரம் வைத்த இன்னொரு வீட்டையும் வாங்கி வைத்திருக்கிறான். நம் சினிமா நட்சத்திரங்கள் படப்பிடிப்புக்கு நடுவே போய்ப் புகுந்துகொள்கிறார்களே, கேரவன், கிட்டத்தட்ட அது மாதிரி. அதிலேயே சமையல், படுக்கை, ஸ்நானம் எல்லாம். விடுமுறை வந்தால் குடும்பத்தோடு அதை ஓட்டிக்கொண்டு மலையும் காடுமாகச் சுற்றுவானாம். ஆனால் போன இடத்தில் பால் வாங்கக் கடைக்குப் போகவேண்டுமென்றால் வீட்டையேயா ஓட்டிக்கொண்டு போவது? அதற்காக வீட்டின் வாலில் ஒரு காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். அந்தக் காருக்கு அவர்கள் இட்டிருக்கும் பெயர் 'டிங்கி'. பெரிய படகின் பின்னால் இழுபட்டு வரும் குட்டிப் படகின் பெயர் அது. நம் தேசத்து ஆறுகளில் ஓடிய சிறு படகின் பெயரை ஆங்கிலேயன் எடுத்துக்கொண்டு போனான். அது ஊரெல்லாம் சுற்றி அமெரிக்கக் காரின் தலையில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இவ்வளவும் எனக்குத் தெரியவந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், முகத்துவாரக்குப்பத்தில், ஓட மறுத்த என் பழைய மாருதிக் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோதுதான்.

ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவன் அவன். "அத்தான், கொசஸ்தலை ஆறு கடலில் விழுகிற இடத்தைப் பார்த்து எத்தனை காலமாயிற்று!" என்றான். அழைத்துக்கொண்டு போனேன். ஆறும் கடலும் சேருகிற இடத்தில் மணல் திட்டு, அதன்மேல் வெள்ளை வெள்ளையாக உடைகிற அலை, அக்கரையில் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகமெல்லாம் பூசிக்கொண்டதே, அந்தக் கறையைச் சில படகுகளின் விலாவில் காட்டினார்கள். மைத்துனன் வெகுநேரம் பேசாமல் நின்றான். பிறகு வீடு திரும்பலாமென்று சாவியைத் திருப்பினால், என்ஜின் கனைத்தது, இருமியது, அடங்கிவிட்டது. ஐந்தாறு பையன்கள் தள்ளியும் அது அசைந்து கொடுக்கவில்லை.

வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். அவருடைய மகன் காசிமேட்டுக்கு மீன் கொண்டுபோகும் குட்டியானை வண்டி ஒன்று வைத்திருந்தான். "திருவொற்றியூர்ல மெக்கானிக் கீறாரு. இஸ்துகினு போய் வுட்டுடுவான்" என்றார்.

மைத்துனனுக்குக் கயிற்றைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது. "எங்கள் ஊரில் கயிற்றில் கட்டமாட்டோம், அத்தான். முக்கோணமாக ஓர் இரும்புச் சட்டம். சட்டம் கழன்றால் தாங்கிக்கொள்ள, அதற்கடியில் பெருக்கல் குறி மாதிரி இரண்டு சங்கிலிகள். முன் வண்டி பிரேக் போட்டால் பின்னால் வரும் காரும் தானே பிரேக் போட்டுக்கொள்ள ஒரு கருவி. எல்லாம் அறுந்து கார் தனியே ஓட ஆரம்பித்தாலும் ஒரு சின்னக் கம்பி பிடுங்கிக்கொண்டு பிரேக்கை அழுத்திவிடும். முன் வண்டியின் விளக்கு எரிந்தால் காரின் வால் விளக்கும் எரியும்" என்று அடுக்கினான். எல்லாக் காரையும் அப்படி இழுக்கவும் முடியாதாம். தானே கியர் மாறும் கார்கள் பலவற்றில் என்ஜின் ஓடினால்தான் கியர்ப் பெட்டிக்குள் எண்ணெய் பாயும். சும்மா உருட்டிக்கொண்டே போனால் பெட்டி வெந்துபோகும்.

பெரியவர் இதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். "நடுக்கடல்ல என்ஜின் நின்னுட்டா நாங்களும் இஸ்துகினுதான் வர்றோம். அங்க கவுறு நீளமா இருக்கணும். முப்பது பாகம் கூட வுடுவோம். கவுறு தண்ணில தொய்ஞ்சு கெடந்தாத்தான் வெட்டு வாங்காது. ரெண்டு படகும் ஒண்ணா அலை ஏறணும், ஒண்ணா எறங்கணும். ஒண்ணு ஏற, ஒண்ணு எறங்கனா கட்டையே பேந்துடும். முகத்துவாரம் கிட்ட வந்ததும் கவுத்தச் சுருக்கிக்குவோம். ஒரு ஆளு கையில கத்தியோட நிப்பான்."

"கத்தி எதற்கு?" என்றேன்.

"இஸ்துகினு வர்ற படகு கவுந்துச்சுன்னா பின்னால கீறதும் சேந்து கவுரக் கூடாது இல்ல? அறுத்து வுடணும்."

அமெரிக்காக்காரன் எது நேர்ந்தாலும் அறுந்துவிடக் கூடாதென்று சங்கிலி போடுகிறான். இவர் எது நேர்ந்தாலும் அறுக்க முடியவேண்டுமென்று கத்தி வைத்திருக்கிறார். அலை உடைகிற மணல் திட்டைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, இரண்டில் எது சரியென்று சொல்லத் தெரியவில்லை.

தரையில் கயிறு குட்டையாக இருக்கவேண்டும் என்று கையை விரித்து அளந்து இரண்டரைப் பாகம் விட்டார். அதாவது பதினைந்து அடி. 1989-இல் சர்க்கார் வகுத்த சாலை விதிகளில் இழுக்கும் வண்டிக்கும் இழுபடும் வண்டிக்கும் நடுவே ஐந்து மீட்டருக்கு மேல் போகக் கூடாதென்றும், மணிக்கு 24 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாதென்றும் இருந்ததைப் பிற்பாடு ஒரு வக்கீல் நண்பர் எடுத்துக் காட்டினார். பெரியவர் அந்தப் புத்தகத்தைப் படித்தவரல்லர்.

நான் உற்சாகமாகக் கயிற்றின் நுனியை வாங்கிப் பம்பரில் முடிச்சுப் போட்டேன். மகன் சிரித்தான். "பம்பரு மட்டும் திருவொற்றியூர் வந்துரும் சார். காரு இங்கியேதான் நிக்கும்." அவனே குனிந்து அடியிலிருந்த கொக்கியில் கட்டினான். சாவியைப் போட்டுத் திருப்பியே வைக்கவேண்டும், எடுத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும் என்றான். ஒரு தடவை ஹார்ன் அடித்தால் நிற்பதென்று பேசிக்கொண்டோம். புறப்படும்போது பெரியவர் தம் தோளிலிருந்த சிவப்புத் துண்டை எடுத்து, "கவுத்து நடுவுல கட்டிக்க" என்று கொடுத்தார்.

நான் கட்டவில்லை. வாங்கி ஆசனத்தில் போட்டுக்கொண்டேன். நாலு கதை எழுதி நாலு பேருக்கு முகம் தெரிந்தவன், சிவப்புத் துண்டு ஆட இழுபட்டுக்கொண்டு ராயபுரத்துப் பக்கம் போவதா என்ற எண்ணந்தான். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

எர்ணாவூரை நெருங்கும்போது இருட்டிவிட்டது. வழக்கம்போல் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. குட்டியானை நின்றது. நான் பிரேக்கை மிதித்தேன். மிதி கல்லாக இருந்தது. என்ஜின் ஓடும்போதுதான் பிரேக்குக்கு ஒரு துணைப்பலம் கிடைக்கிறது. நின்றபின் இரண்டு மூன்று மிதிகளோடு அது தீர்ந்துபோகும். பிறகு நம் காலின் பலம் எவ்வளவோ அவ்வளவுதான். வழியிலேயே அதைத் தீர்த்துவிட்டிருந்தேன். "கை பிரேக்!" என்று மைத்துனன் கத்தினான். இழுத்தேன். ஒரு முழ தூரத்தில் கார் நின்றது.

கயிறு தரையில் சுருண்டு கிடந்தது. லாரி வரிசை நகர, குட்டியானையும் மெள்ள முன்னே போயிற்று. நடுவில் இடம் விரிந்தது. ஓரத்தில் மீன் கூடையோடு நின்றிருந்த ஓர் அம்மாள், கார்க்காரன் தனக்காகவே நிற்கிறான் என்று நினைத்து அந்த இடைவெளியில் இறங்கினாள். பச்சைக் கயிறு, தாரின்மேல், இருட்டில். அது தரையை விட்டு எழும்புவதை நான் பார்த்தேன்; அவள் பார்க்கவில்லை.

ஹார்ன் அடித்தேன். நல்லவேளை, பாட்டரிக்கு உயிர் இருந்தது. பையன் நிறுத்தினான். கயிறு அவள் முழங்காலைத் தொட்டுக்கொண்டு நின்றது. கூடை சரிந்து மீன்கள் சாலையில் விழுந்தன.

அவள் என்னைத் திட்டியதையெல்லாம் இங்கே எழுதுவதற்கில்லை. எழுதக்கூடியது இது மட்டுந்தான்: "கவுத்தக் கட்டிகினு வரியே, அதுல ஒரு துணியக் கட்டக் கூடாதாய்யா?"

நானும் மைத்துனனும் இறங்கி மீனைப் பொறுக்கிக் கொடுத்தோம். பணம் நீட்டினேன், வாங்கவில்லை. துண்டைக் கயிற்றின் நடுவில் கட்டினேன். கை நடுங்கியதால் முடிச்சு இரண்டு தரம் நழுவிற்று. மைத்துனன் தன் செல்போன் விளக்கைக் காரின் பின்கண்ணாடியில் எரியவிட்டு, திருவொற்றியூர் வருகிறவரை அதைப் பிடித்துக்கொண்டே வந்தான். அமெரிக்காவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த ஞாயிறன்று கயிற்றையும் துண்டையும் திருப்பிக் கொடுக்கப் போனேன். பையன் வீட்டில் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. நானே சொன்னேன். பெரியவர் கேட்டுக்கொண்டே கயிற்றைக் கைக்குக் கை அளந்தார். பிரிந்திருந்த ஓர் இடத்தைக் கண்டு அதை மட்டும் அறுத்துப் போட்டார். பிறகு துண்டை வாங்கி முகர்ந்தார்.

"தோச்சுட்டீங்களா?" என்றார்.

"என் வீட்டில் தோய்த்தார்கள்" என்றேன்.

"சோப்பு வாசனை அடிக்குது" என்று சொல்லித் தோளில் போட்டுக்கொண்டு வலைக்குத் திரும்பினார்.