கந்தையைக் கசக்குபவர் யார்?

“கூழானாலும் குளித்துக் குடி, கந்தையானாலும் கசக்கிக் கட்டு” என்பது நம் முன்னோர் மொழி. தூய உடையின் சிறப்பை இதனினும் சுருங்கச் சொல்லுதல் அரிது. ஆயினும், அந்தக் கந்தையைக் கசக்குபவர் யார் என்பதை அப்பழமொழி சொல்லாமலே விட்டுவிட்டது. அது சொல்லாது விட்ட அவ்வொன்றே எங்கள் இல்லத்தில் ஒருநாள் பெரிய வினாவாக எழுந்து நின்றது. பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டுத் தாமும் தொழிலுக்கு ஓடும் பெற்றோர்க்கும், வெள்ளைச் சீருடையை நாள்தோறும் அணியும் மாணவர்க்கும் நாங்கள் கண்ட விடை ஓரளவு பயன்படக்கூடும் என்று கருதியே இதனை எழுதத் துணிந்தேன்.

நான் பிறந்து வளர்ந்தது வலிகாமத்துச் சிற்றூர் ஒன்றில். 1970களில், என் சிறுபராயத்தில், கிழமைக்கொருமுறை கட்டாடியார் எங்கள் படலைக்கு வருவார். அம்மா உருப்படிகளை எண்ணிக் கொடுப்பார். சேங்கொட்டையால் இட்ட குறியைக் கொண்டு எவ்வுடை எவ்வீட்டினது என்று கட்டாடியார் இனங்காண்பார். வெள்ளாவியில் அவித்து, நீலமும் கஞ்சியும் இட்டு, மடிப்புக் கலையாமல் அவர் கொண்டுவந்து தரும் வேட்டிகளின் வெண்மை இன்றும் என் கண்ணில் நிற்கின்றது. அவ்வுழைப்புக்கு ஈடாக அவர் பெற்றதோ, அறுவடைக் காலத்து நெல்லும் நன்மை தீமைகளிற் கிடைக்கும் சிறு பணமுமே. எங்கள் வீட்டிற் சலவை ஓர் இலகுவான கருமம் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். அதன் பாரத்தை வேறொரு குடும்பம் தன் முதுகிற் சுமந்துகொண்டிருந்தமை எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. பின்னர் அவர் பிள்ளைகள் கல்வி கற்று வேறு தொழில்களை நாடிச் சென்றனர். அது மகிழ்ச்சிக்குரிய மாற்றமே. அன்று முதல் அப்பாரம் என் அம்மாவின் தோளில் ஏறியது.

1990களிற் பொருளாதாரத் தடை நிலவிய காலத்திலே, யாழ்ப்பாணத்திற் சவர்க்காரம் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. அப்பொழுது பனம்பழமே எங்களுக்குக் கைகொடுத்தது. பழத்தைப் பிசைந்த களியிலே இயல்பாக நுரை உண்டு. அதிலுள்ள சபோனின் என்னும் வகைப் பொருளே அதற்குக் காரணம். அக்களியிலே துணியைப் பிசைந்து அலசினால் அழுக்குப் போகும், மணம் போகாது. அம்மணத்தை நாடி மாடுகள் வேலியைத் தள்ளிக்கொண்டு வந்து கொடியில் உலரும் சேலையைச் சப்பிவிடும். அம்மா தடியோடு காவலிருப்பார். இன்று அதனைச் சொல்லிச் சிரிக்கின்றோம். ஆனால், அந்நாட்களில் அவர் விரல்கள் வெடித்திருந்ததை நினைக்கும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

காலம் மாறியது. நான் ஆசிரியையானேன், இல்வாழ்க்கையிற் புகுந்தேன். 2014ஆம் ஆண்டிலே ஒரு சலவை இயந்திரம் வாங்கினோம். இனித் தொல்லை தீர்ந்தது என்று அகமகிழ்ந்தோம். நிகழ்ந்ததோ வேறு. இயந்திரம் இருக்கின்றதே என்ற துணிவில், ஒரு மணி நேரம் உடுத்த சட்டையும் அழுக்குக் கூடையிற் போய் விழுந்தது. குளிக்குந்தோறும் ஒவ்வொருவரும் புதிதாக ஒரு துவாயை எடுத்தனர். இயந்திரம் தோய்க்குமேயன்றி, உலர்த்தாது, மடிக்காது, மினுக்காது. சனிக்கிழமைதோறும் என் பொழுது முழுவதும் கிணற்றடிக்கும் கொடிக்கும் இடையிலே கழிந்தது.

இந்நிலையில் 2022ஆம் ஆண்டு வந்தது. நாடெங்கும் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் நீண்ட வரிசைகள். மின்வெட்டோ, மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. எங்கள் இயந்திரம் வெறும் பெட்டியாய் மூலையில் நின்றது. நீரிறைக்கும் மோட்டாரும் ஓயவே, கப்பியும் வாளியும் மீண்டும் தொழிற்படலாயின.

அம்மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், எரிவாயு வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பி வந்தேன். பிற்பகல் இரண்டு மணியிருக்கும். காலையில் நான் புறப்படும்பொழுது உடுப்புகளை ஊற வைத்துக்கொண்டிருந்த என் மகள், அப்பொழுதும் கிணற்றடியிலேயே நின்றாள். தோய்க்கும் கல்லின் மேல் இன்னும் ஒரு குவியல் இருந்தது. கிணற்றுக் கட்டின் மேல் அவளுடைய கணித நூல் விரித்தபடி கிடந்தது. தாள்கள் பறவாதிருக்க அதன்மேற் சவர்க்காரப் பெட்டியை வைத்திருந்தாள். கல்விப் பொதுத் தராதரச் சாதாரண தரப் பரீட்சைக்கு அவளுக்கு இரண்டு மாதங்களே எஞ்சியிருந்தன. அவள் தமையனோ, உயர்தரப் பரீட்சையை அம்மாதத் தொடக்கத்திலேயே எழுதி முடித்துவிட்டு, முன் விறாந்தையிலே சாய்மனைக் கதிரையில் உறங்கிக்கொண்டிருந்தான்.

“ஏன் பிள்ளை, இவ்வளவு நேரமாயும் முடியேல்லையோ?” என்று கேட்டேன்.

அவள் கோபிக்கவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு, “அண்ணா சோதனைக்குப் படிக்கேக்கை அவரை ஒருத்தரும் கிணத்தடிக்குக் கூப்பிடேல்லையே, அம்மா” என்றாள்.

எனக்கு விடை சொல்ல வாய் எழவில்லை. பாடசாலையிலே ஆண் பெண் சமத்துவம் பற்றிப் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்பவள் நான். என் வீட்டிலோ, கட்டாடியாரின் முதுகிலிருந்து அம்மாவின் தோளுக்கும், அம்மாவிடமிருந்து எனக்கும் வந்த சுமையை, எவரும் அறியாமல் என் மகளின் தலையில் இறக்கி வைத்திருந்தேன். மூன்று தலைமுறையாகப் பாரம் குறையவேயில்லை. சுமக்கும் ஆள்தான் மாறிக்கொண்டு வந்தது.

அன்றிரவு அரிக்கன் லாம்பைச் சுற்றி ஐவரும் அமர்ந்தோம். முதலில் ஒரு கிழமைக்குரிய உருப்படிகளை எண்ணிப் பார்த்தோம். 96! அவற்றுள் துவாய்கள் மட்டும் 21. என் கணவர் வியந்து, “இது வீடோ, விடுதியோ?” என்றார். ஆதலால், தோய்ப்பதை இலகுவாக்குமுன், தோய்க்க வேண்டியதைக் குறைப்பது என முடிவு செய்தோம். ஆளுக்கு இரண்டு துவாய். குளித்ததும் அதனைக் கொடியில் விரித்து உலர்த்தவேண்டும். வீட்டிலே மாலையில் மட்டும் உடுக்கும் உடை, அழுக்குப்படாதிருப்பின் மறுநாளும் உதவும். ஆனால், வியர்வை பட்ட சட்டையும் உள்ளாடையும் ஒருநாளும் மறுமுறைக்கு வைக்கலாகாது. இவ்வளவிலேயே 96 என்பது 63 ஆயிற்று. தூய்மை சிறிதும் குன்றவில்லை.

இரண்டாவதாக, உள்ளாடையைக் குளிக்கும்பொழுதே அவரவர் தோய்த்துவிட வேண்டும் என்று விதித்தோம். இவ்விதிக்கு வீட்டுத் தலைவரும் விலக்கல்லர்.

மூன்றாவதாக, சனிக்கிழமைக் குவியலைப் பல நாட்களுக்குப் பகிர்ந்தோம். பனையோலைக் கடகம் இரண்டு வைத்து, ஒன்றில் வெள்ளையும் மற்றையதில் நிறத்துணியும் இடச் செய்தோம். சீருடைகள் புதன் மாலையும் வெள்ளி மாலையும் தோய்க்கப்படும். படுக்கை விரிப்புகள் ஞாயிறுதோறும் ஓர் அறைக்குரியவை மட்டும். அடுக்களைத் துணிகளை இரவிற் கடைசியாகப் பாத்திரம் கழுவுபவரே அலசிவிட வேண்டும். முறையை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். அதில் எல்லார் பெயரும் இருந்தது. பரீட்சை எழுத இருந்தவள் பெயருக்கு நேரே மட்டும், பரீட்சை முடியும்வரை வெற்றிடம் விடப்பட்டது.

இனி, தோய்க்கும் முறைபற்றிச் சில சொல்வேன். எங்கள் குடாநாடு சுண்ணக்கல் நிலம். மழைநீர் அக்கல்லினூடாக ஊறி இறங்கும்பொழுது கல்சியம், மகனீசியம் ஆகியவற்றின் உப்புக்களைக் கரைத்துக்கொள்வதால், கிணற்று நீர் வன்னீராகின்றது. சவர்க்காரம் வன்னீரோடு சேரும்பொழுது நுரைப்பதற்கு முன் வெண்கசடாகத் திரளும். அக்கசடு இழைகளிற் படிந்தே வெள்ளைத் துணி நாளடைவிற் சாம்பல் நிறம் பெறுகின்றது. இதனை அறியாது பலர் மேலும் மேலும் சவர்க்காரத்தைத் தேய்க்கின்றனர். கசடும் கையுளைவுமே மிகும். நீரிற் சிறிது சலவைச் சோடாவை முதலிற் கரைத்துக்கொண்டால் வன்மை நீங்கும். பட்டுக்கும் கம்பளிக்கும் அது தீது, பருத்திக்கு ஏற்றது. சலவைத் தூள்கள் சவர்க்காரத்தைப் போல அத்துணைக் கசடு தருவதில்லை. மாரியிலே கூரைத் தாழ்வாரத்து நீரைப் பீப்பாவிற் பிடித்து வைத்தால், அம்மென்னீரிற் சிறிதளவு சவர்க்காரமே பெரிதும் நுரைக்கும். எங்கள் வீட்டுச் சீருடைகளுக்கு அந்நீரையே ஒதுக்கியுள்ளோம்.

ஊறுதல் பாதி வேலையைச் செய்துவிடும். சீருடைக்கு அரை மணி நேரம் போதும், கழுத்துப் பட்டியிலும் கைவிளிம்பிலும் மட்டும் சவர்க்காரத்தைத் தேய்த்து ஊற வைத்தால், கல்லில் ஓங்கி அறைய வேண்டியதில்லை, பொத்தான்களும் தப்பும். இரத்தக் கறையைக் குளிர்ந்த நீரிலேயே போக்கவேண்டும். சுடுநீர் பட்டால் அஃது இழையோடு இறுகிவிடும். கறியிலுள்ள மஞ்சட்கறை சவர்க்காரம் பட்டதும் சிவக்கும். அது கண்டு அஞ்சற்க. நன்றாக அலசி வெயிலில் விரித்தால் மஞ்சளின் நிறம் ஒளியில் மங்கி மறையும். வாழைக் கயர் மட்டும் எவருக்கும் அடங்காது. வாழைக்குலை வெட்டப் போகும்பொழுது பழைய சாரத்தை உடுத்துக்கொள்வதே அதற்கு மருந்து.

உலர்த்துவதிலும் ஒரு முறையுண்டு. பிழிந்த சட்டையை இரண்டு முறை உதறி, தையலோரங்களைக் கையால் நீவிக் கொடியில் இட்டால், மினுக்கும் வேலை பாதியாகும். வெள்ளையை வெயிலிலும், நிறத்துணியை உட்புறம் வெளியே தெரியத் திருப்பி நிழலிலும் இடுக. ஈரத்துணியைக் குவித்து வைத்தலே ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் உடுப்பிற் கரும்புள்ளி விழுவதற்குக் காரணம். மழைநாளில் விறாந்தையிலே இடைவெளிவிட்டு விரித்தல் நன்று. கொடியிலிருந்து எடுக்கும்பொழுதே மடித்துவிட்டால், மடிக்கப்படாத குவியல் ஒன்று கதிரையிற் குடியிருக்க இடமிராது. மினுக்குவது சீருடையும் வெளியே உடுத்துச் செல்லும் உடையும் மட்டுமே. அதனையும் ஒரே தடவையிற் செய்தால், அழுத்தியைத் திரும்பத் திரும்பச் சூடாக்கும் மின்சாரம் மிஞ்சும்.

சொல்வது எளிது. முதற் கிழமையிலேயே என் மகன் தன் சிவப்பு விளையாட்டுச் சட்டையைத் தந்தையாரின் வேட்டியோடு ஊற வைத்துவிட்டான். வேட்டி வெளிறிய செந்நிறம் பெற்றது. அவர் ஒன்றும் பேசாது, அதனையே வீட்டில் உடுத்துக்கொண்டு இரண்டு நாள் உலாவினார். அதன்பின் கடகங்கள் இரண்டும் ஒருநாளும் கலந்ததில்லை. அயல்வீட்டு அம்மையார் ஒருவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “ஆம்பிளைப் பிள்ளையைத் தோய்க்க விட்டிருக்கிறியளே!” என்று என் மாமியாரிடம் குறைபட்டார். பழைய வழக்கிலே ஊறிய மாமியும் அதற்கு உடன்படுவார் என்றே நான் அஞ்சினேன். அவரோ வெற்றிலையை மடித்தபடி, “உடுக்கிறது அவன்தானே, தோய்க்கட்டும்” என்றார். அதன்பின் அதுபற்றி எவரும் பேசவில்லை.

அவ்வாண்டு மே மாதத்திலே என் மகள் பரீட்சை எழுதினாள். அவள் பெற்ற பேற்றை இங்கு எழுதேன், அஃது அவளுக்குரியது. அதற்கு முன்னைய சனிக்கிழமைகள் அவளுக்குரியனவாய் இருந்தன என்பதே எனக்கு ஆறுதல். பரீட்சை முடிந்த மறுநாள், சுவரிலிருந்த தாளின் வெற்றிடத்திலே தன் முறையைத் தானே எழுதினாள்.

மின்சாரம் சீரடைந்தபின் இயந்திரமும் மீண்டும் இயங்கலாயிற்று. ஆயினும், அந்த ஒழுங்கை நாங்கள் கைவிடவில்லை. மகன் இப்பொழுது வெளியூரிற் பல்கலைக்கழக விடுதியில் இருக்கின்றான். சென்ற மாதம் தொலைபேசியில், “அம்மா, இங்கை பெடியங்கள் என்னட்டைத்தான் கறை எடுக்கிற விதம் கேட்கிறாங்கள்” என்று பெருமையோடு சொன்னான். முதுகுப் பை நிறைய அழுக்குடுப்போடு வீடு திரும்பும் பிள்ளையாக அவன் இல்லை.

பெற்றோர்களே, இயந்திரம் வாங்குதல் தவறன்று. வாங்குமுன் ஒரு கிழமை உருப்படிகளை எண்ணிப் பாருங்கள். மாணவ மாணவியரே, நாளைக் காலையில் வெள்ளைச் சீருடையை அணியும்பொழுது, அதனைக் கசக்கியவர் யார் என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். அது நீங்கள் அல்லவாயின், வருகின்ற புதன்கிழமை மாலை கிணற்றடிக்குச் செல்லுங்கள். அரை மணி நேர வேலைதான்.